சாந்தில்லாச் சுவரில் சிமென்ட் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சாந்தில்லாமல் கல் அடுக்கிக் கட்டும் மரபுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆப்பிரிக்காவின் பழைய கல் நகரமான கிரேட் ஜிம்பாப்வேயில் 11 மீட்டர் உயரச் சுவர் ஒரு கரண்டி கலவைகூட இல்லாமல் நிற்பதை ‘அதிசயம்’ என்று எழுதியிருந்தீர்கள். நாற்பது வருடம் கொத்து வேலை பார்த்தவனுக்கு அந்த வார்த்தை இடித்தது.

அடியில் அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். இரண்டு கல் சேரும் மூட்டின் மேல் மூன்றாவது கல் உட்கார வேண்டும். சுவரின் வயிற்றுக்குள் சில்லுக் கல்லைக் கூடையோடு கொட்டக்கூடாது, ஒவ்வொன்றாகக் கையால் இறுக்க வேண்டும். பலர் சோம்பல்படுவது இங்கேதான். ஸ்காட்லாந்தின் மூசா கோபுரம் 13 மீட்டர் உயரம், சுமார் 2000 வருடப் பழசு. உள்சுவர், வெளிச்சுவர் என இரண்டு. பலகைக் கற்கள் குறுக்கே ஓடி இரண்டையும் பிடித்துக்கொள்கின்றன. நடுவில் படிக்கட்டே ஏறுகிறது!

இத்தாலியின் அல்பெரோபெல்லோவில் வரி வசூலிக்க ஆள் வந்தால் சட்டென்று பிரித்துப்போடத்தான் வீடுகளை இப்படிக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். கதையோ நிஜமோ, பிரித்த கல்லை அப்படியே மறுபடி அடுக்கலாம் என்பது இந்த வேலையின் பெரிய வசதி. சிமென்ட் பட்ட கல்லில் அது நடக்காது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இளவயதில், சரிவில் மண்ணைத் தாங்கி நின்ற ஒரு பழைய கல் சுவரைச் சரிசெய்யப் போனேன். சந்துகளையெல்லாம் கலவையால் அடைத்து, அழகாகக் கோடும் இழுத்தேன். அடுத்த மழையில் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வந்தது, ஒரே வாரத்தில் கவிழ்ந்தது. மேஸ்திரி திட்டவில்லை. விழுந்த கல் ஒன்றைப் புரட்டி, பின்னால் கூழாகக் கிடந்த மண்ணைக் காட்டினார். சந்து வழியாக வடிய வேண்டிய தண்ணீர் அங்கேயே தேங்கியிருந்தது.

2018-இல் யுனெஸ்கோ எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெயரில் தன் மரபுக் கலைகள் (தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபு) பட்டியலில் சேர்த்தது, கல்லை அடுக்கும் இந்தக் கைப்பழக்கத்தைத்தான். 2024-இல் அயர்லாந்து உள்ளிட்ட சில நாடுகளும் சேர்ந்தன. கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.

சரி, கடைசியாக ஒன்று. உங்கள் இரண்டாவது படத்தில் கீழ் மூன்று வரிசையின் சந்துகளில் சிமென்ட் பளிச்சென்று தெரிகிறது. ‘புதுப்பிக்கப்பட்ட சுவர்’ என்று அடியில் போட்டிருக்கிறீர்கள். ஒரு நல்ல மழைக்கு அப்புறம் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொத்தனார்