கிழமைக் கடனும் மாதச் சம்பளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடன் தலைக்கு மேல் போனவர்கள், கட்ட வழியில்லாமல் நொடித்துப் போனேன் என்று நீதிமன்றத்தில் வங்குரோத்து மனுப் போட்டால் நிம்மதி கிடைக்கும், தவணை பேசிப் பேசிக் கட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒருவர் எழுதியிருந்தார். நான் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். இதே கேள்வியை வீட்டில் எல்லோருமாகப் பேசி, இரண்டு வழியையும் விசாரித்து, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

கட்டுரையாளர் சொன்னது அமெரிக்காவுக்குச் சரியாக இருக்கலாம். அங்கே வங்குரோத்துச் சட்டத்தின் 7 ஆம் அத்தியாயத்தில் மனுப் போட்டால், இருப்பதில் விற்கக்கூடியதை விற்றுக் கொடுத்துவிட்டு மிச்சக் கடனில் பெரும்பகுதியிலிருந்து விடுபடலாம். 13 ஆம் அத்தியாயத்தில் போட்டால், வருமானத்துக்கு ஏற்றபடி 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு திட்டம் போட்டுக் கட்டலாம். எதில் போட்டாலும், மனு போன நாளிலிருந்து வசூல்காரர் வாசலுக்கு வரக்கூடாது. அப்படி ஒரு சட்டம் இருக்கிற நாட்டில்தான் "வங்குரோத்தா, தவணைத் திட்டமா" என்று ஒருவர் உட்கார்ந்து யோசிக்க முடியும்.

நம் இலங்கையில் தனி ஆளுக்கு இருப்பது 1853 ஆம் ஆண்டு நொடிப்புக் கட்டளைச் சட்டம். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867இல். ஆக, மலையில் தேயிலை வருவதற்கு முந்திய சட்டம் இது, கோப்பிக் காலத்துச் சட்டம். மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், கடன் கொடுத்தவர்களைக் கூட்டவேண்டும், சொத்தைப் பொறுப்பெடுக்க ஒருவரை நியமிக்கவேண்டும். கடைசியில் நீதிமன்றம் ஒரு சான்றிதழ் கொடுக்கும், அதிலும் முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று மூன்று தரம் இருக்கிறதாம்! தவிர்க்க முடியாத நட்டத்தால் நொடித்தவருக்கு முதலாம் வகுப்பு. நொடித்துப் போனதற்கும் வகுப்புப் பிரித்த வெள்ளைக்காரனை என்ன சொல்ல. வியாபாரிகளையும் துரைமாரையும் மனதில் வைத்து எழுதியது என்று பார்த்தாலே தெரிகிறது. தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் இருப்பவளிடம் பொறுப்பெடுக்க என்ன சொத்து இருக்கிறது? வீடு தோட்டத்துக்குச் சொந்தம், காணி உறுதி கிடையாது. சட்டத்தரணிக்குக் கொடுக்கிற காசில் என் கடனில் பாதி அடைந்துவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. எங்கள் பக்கம் பெண்கள் எடுத்திருப்பதெல்லாம் குழுக் கடன். நிலமும் வீடும் இல்லாததால் எங்களுக்கு நாங்களே பிணை. என் கடனுக்கு மற்ற நாலு பேர், அவர்கள் கடனுக்கு நான். நீதிமன்றம் என்னை விடுவித்தாலும் பிணை நின்றவர்களை விடுவிக்காது. நான் சான்றிதழை வாங்கிக்கொண்டு வர, என் கூடக் கொழுந்து நிரையில் நிற்கிறவள் என் தவணையைக் கட்டவேண்டும். ஏற்கெனவே கட்ட முடியாமல் போனவர்கள் சிலர் இரவோடு இரவாகக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கோ, ஏஜென்சிக்காரரைப் பிடித்துக் குவைத்துக்கோ போய்விட்டார்கள். அவர்கள் பங்கு இங்கே இருப்பவர்கள் தலையில் விழுந்தது. அந்தப் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கைக் கட்டி முடித்தவர்களையும் எனக்குத் தெரியும்.

சரி, என் கணக்குக்கு வருகிறேன். ஆட்டோ லீசிங் ஒன்று, குழுக் கடன் இரண்டு, கடைப் பாக்கி 23 ஆயிரம், அடகில் ஒரு சங்கிலி. நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ரூபா ஆனது, கேட்க நன்றாகத்தான் இருந்தது (இந்தக் கணக்கு அந்தச் சம்பளத்துக்குப் போட்டது). ஆனால் மாதத்தில் 18 பேர் (ஒரு நாள் முழு வேலைக்கு ஒரு பேர்) விழுந்தால் பெரிய காரியம். கிலோ குறைந்தால் அரைப் பேர்தான். சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8, தீபாவளி முற்பணம், தொழிற்சங்கச் சந்தா எல்லாம் கழித்துக் கைக்கு வருவது 19 ஆயிரத்துச் சொச்சம். குழுக் கடன் இரண்டுக்கும் கிழமைக்கு 2,850 ரூபா. அதாவது மாதம் 12 ஆயிரத்துக்கு மேல்.

இங்கேதான் கோளாறே. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, 10 ஆம் திகதியை ஒட்டி. தவணையோ கிழமைக்குக் கிழமை. முதல் கிழமை சிரிப்போடு கட்டுவோம், இரண்டாவது கிழமை சமாளிப்போம். மூன்றாவது கிழமை இன்னொருத்தியிடம் கைமாற்று, நாலாவது கிழமை சங்கிலி அடகுக்குப் போகும். கடன் பெரிதாவதற்கு வட்டி பாதிக் காரணம் என்றால், இந்த நாள் பொருத்தமில்லாதது மீதிக் காரணம்.

வட்டியையும் சொல்லவேண்டும். 50 ஆயிரம் தருவார்கள், கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை, மொத்தம் 65 ஆயிரம். "வருடத்துக்கு 30 வீதம்தான் அக்கா" என்பார்கள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படிக்கிற என் மகள் கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டினாள். முதல் கிழமையிலிருந்தே முதலும் குறைந்துகொண்டு போகிறது, ஆனால் வட்டியை முழு 50 ஆயிரத்துக்கும் வருடம் முழுக்கப் போட்டிருக்கிறார்கள். குறைகிற முதலுக்குப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 54 வீதம். 2018 கடைசியில் மத்திய வங்கி 35 வீதம் என்று ஓர் உச்ச வரம்பு போட்டது, தன்னிடம் உரிமம் வாங்கிய நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு மட்டும். உரிமம் இல்லாமல் ஊருக்குள் காசு கொடுப்பவர்களை அது என்ன செய்யும்? அதே வருடம் அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் சிறுகடன்களைத் தள்ளுபடி செய்தபோது நுவரெலியா அந்தப் பட்டியலில் இல்லை. இங்கேதான் மழை பெய்கிறதே.

நாங்கள் இரண்டு தவணை பிந்தியதும் வசூலுக்கு வருகிற தம்பி ஒரு வழி சொன்னார். "அக்கா, பழசை முடிச்சிட்டுப் புதுசா ஒரு லட்சம் போட்டுத் தாறோம், கையிலயும் கொஞ்சம் காசு மிஞ்சும்." கடனை மறுசீரமைப்பது என்று அதற்குப் பெயர். படிவம் சிங்களத்தில் இருந்தது. விரலை மட்டும் வைக்கச் சொன்னார், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று நினைத்திருப்பார் போல. மகள் வாங்கிப் பார்த்தாள். மிச்சமிருந்த 47,500 ரூபாவில் இன்னும் வராத கிழமைகளின் வட்டியும் சேர்ந்திருந்தது. அதை அப்படியே முதலாக்கி, அதன் மேல் மறுபடி வட்டி. ஆவணச் செலவு, காப்புறுதி எல்லாம் முன்கூட்டியே கழிவு.

அப்பாயி துண்டுக் கதை சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் தோட்டம் மாறவேண்டுமென்றால், ஆளுக்கு எவ்வளவு கடன் என்று ஒரு துண்டில் எழுதுவார்களாம். புதுத் தோட்டம் அந்தக் காசைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். பழைய கங்காணி கணக்குத் தீரும், ஆளின் கணக்குத் தீராது, அது புதுப் பேரேட்டில் ஏறும். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். இதுவும் அதே துண்டுதான் என்று நான் அந்தப் படிவத்தில் விரல் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நுவரெலியாவில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த சட்டத்தரணி அம்மா பொறுமையாகத் தமிழிலேயே விளங்கப்படுத்தினார். அவர் சொன்ன இரண்டு விஷயங்களை உங்கள் வாசகர்கள் வெட்டி வைத்துக்கொண்டால் நல்லது. கடன் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம், "பொலிஸில் பிடித்துக் கொடுப்போம்" என்று யாரும் மிரட்ட முடியாது. (காசோலை எழுதிக் கொடுத்து அது திரும்பியிருந்தால் கதை வேறு, அது குற்றம்.) அடுத்தது, வழக்குப் போட்டுத் தீர்ப்பே வாங்கினாலும், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218 ஆம் பிரிவின்படி தொழிலாளியின் கூலி, உடுதுணி, படுக்கை, தொழில் செய்யும் கருவி இவற்றைக் கைப்பற்ற முடியாது. இத்தனை வருடம் கடன் கம்பனியின் சென்டர் கூட்டத்தில் (குழுக் கடன்காரர் கூடுகிற கூட்டம்) உட்கார்ந்திருக்கிறோம், ஒருவரும் இதைச் சொன்னதில்லை. சொல்வார்களா?

இது தெரிந்தபிறகு பயம் பாதி போனது. பயம் போனால்தான் தவணைப் பேச்சைப் பேச்சாகப் பேச முடிகிறது.

நாங்கள் செய்தது இதுதான். லீசிங் கம்பனி தூக்கிக்கொண்டு போய் ஏலத்தில் போடும்வரை காத்திருக்காமல், அவர்களுக்குச் சொல்லிவிட்டு நாங்களே ஆட்டோவுக்கு ஆள் பார்த்தோம். ஏலத்தில் போனால் வருகிற விலை வேறு, குறைகிற தொகைக்கும் நாம்தான் பொறுப்பு. லீசிங் பாக்கி முழுவதும் தீர்ந்து கொஞ்சம் மிஞ்சியது, அதில் கடைப் பாக்கியை அடைத்தோம். அரிசியும் மாவும் கடனுக்குத் தருகிற ஒரே இடம் அதுதான், அவரைக் காக்க வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் இப்போது மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறார். ஆட்டோ போனதில் அவருக்கு இன்னும் மனவருத்தம்தான். சங்கிலியை மீட்கிற யோசனையையே விட்டுவிட்டோம்.

குழுக் கடன் இரண்டுக்கும் கடிதம் கொடுத்தோம். கிழமைத் தவணை வேண்டாம், சம்பளம் வந்த மறுநாள் ஒன்றுக்கு 4 ஆயிரம், மற்றதற்கு 5 ஆயிரம். பிந்தினால் போடுகிற தண்டவட்டியை நிறுத்தவேண்டும், புதுக் கடன் வேண்டாம், பிணை நின்றவர்களிடம் போகக் கூடாது. இவ்வளவுதான் கடிதம். பிரதியில் திகதி முத்திரை கேட்டபோது முகம் சுளித்தார்கள், ஆனாலும் குத்தித் தந்தார்கள். ஒரு நிறுவனம் ஒத்துக்கொண்டு எழுதித் தந்துவிட்டது. மற்றது வாயால் "சரி" என்கிறது, எழுத்தில் தரவில்லை. தந்தாலும் தராவிட்டாலும் 5 ஆயிரத்தை வங்கியில் அவர்கள் கணக்குக்கே போட்டுச் சிட்டையை எடுத்து வைக்கிறோம். இப்படியே போனால் வருகிற வருடக் கடைசிக்குள் முடியும். யார் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று பதிந்து வைக்கிற கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பெயர் அடிபடும் என்று எச்சரித்தார்கள். அடிபடட்டும், திரும்பக் கடன் எடுக்கிறவளுக்குத்தான் அது கவலை.

ஹற்றனில் கடை வைத்து, பல பேரிடம் பல லட்சத்துக்குச் சரக்கெடுத்து, என்ன செய்தாலும் பத்து வருடத்தில் அடையாது என்கிற நிலையில் இருப்பவர் நீதிமன்றம் போவது தப்பே இல்லை. 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து பேசி, தவணையை நீட்டி, முதலிலும் கொஞ்சம் கழிக்கச் செய்தது. அதை யாரும் மானக்கேடு என்று சொல்லவில்லை, கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் கடன் ஒன்றிரண்டு லட்சத்துக்குள், மாதம் கொஞ்சமாவது கட்ட முடியும், பிணைக்கு ஆட்கள் நிற்கிறார்கள் என்றால், என் எண்ணத்தில், தவணைத் திட்டம்தான். அதுவும் நாம் எழுதிக் கொடுக்கிற திட்டமாக இருக்கவேண்டும், அவர்கள் நீட்டுகிற படிவமாக இருக்கக்கூடாது.

எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். சிறுகடன்காரருக்கு என்று, பிரதேச செயலகத்திலேயே தமிழில் மனுக் கொடுக்கும்படி ஒரு நடைமுறை வேண்டும். மனுக் கொடுத்த அன்றே வட்டி நிற்கவேண்டும், வசூல்காரர் வாசலுக்கு வருவதும் நிற்கவேண்டும். அதுவரைக்கும் சம்பளம் மாதம் என்றால் தவணையும் மாதம் என்றாவது ஒரு விதி போடட்டும். கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை எழுதும்போது, இங்கே வங்குரோத்து மனுப் போட எவ்வளவு செலவு, எவ்வளவு காலம், பிணைக்காரருக்கு என்ன ஆகும் என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பூண்டுலோயா.