சீட்டு போனது, சூது போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

லாட்டரியை மீண்டும் அனுமதித்து ஆன்லைனிலும் விற்கலாம் என்ற பேச்சு அடிபடுவதால் எழுதுகிறேன். 2003இல் தமிழக அரசு தடை போடும்வரை பொள்ளாச்சியில் லாட்டரிக் கடை வைத்திருந்தவன் நான். அப்புறம் அதே இடத்தில் டீக்கடை.

தடையால் என்ன நின்றது? கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரள லாட்டரி. அதுகூடப் பரவாயில்லை, கையில் சீட்டாவது இருக்கும். என் கடைக்கு வரும் சுமைதூக்கும் தம்பிகள் கேரளக் குலுக்கலில் பரிசு விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் எது என்று வாட்ஸ்அப்பிலேயே பந்தயப் பணம் கட்டுகிறார்கள். விழுந்தும் தராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? கட்டியதே குற்றமாயிற்றே!

அரசே விற்கட்டும், சரி. ஆனால் ஆன்லைன் என்றால் எனக்குப் பயம்தான். 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கிய கேரளமே தாள் சீட்டைத்தான் விற்கிறது. ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கல்தான் என்று 1998ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சொன்னால், அங்கே நாளுக்கொரு பெயர் வைத்துத் தினமும் குலுக்குகிறார்கள். விதியில் இப்படி ஓட்டை விடக்கூடாது.

"இன்னைக்குப் போதும், வீட்டுக்குப் போப்பா" என்று கடைக்கு வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன் (எல்லாரிடமும் சொன்னேன் என்றால் பொய்). செல்போன் சொல்லுமா? ஒரு ஆளுக்கு ஒரு நாளில் இத்தனை ரூபாய்தான் என்ற வரம்பும், கடன் செயலிப் பணத்தில் சீட்டு வாங்க முடியாத ஏற்பாடும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு விற்பனையைப் பேசலாம்.

- முன்னாள் லாட்டரி வியாபாரி,
பொள்ளாச்சி.