விளையாட்டுப் பீரியடில் என் மகளையும் மைதானத்தில் விடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கும், பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கும் ஐயாமார், ஆச்சிமார் அனைவருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும், நான் யாரென்றும் தெரியும். மூன்றாம் வகுப்பில் படிக்கும், இப்போது விளையாட்டுப் பீரியட் முழுக்க உங்கள் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அம்மா. மறுநாள் அலுவலக அறையில் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மூன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். பள்ளியின் பெயரையோ யார் பெயரையோ எழுதவில்லை, படிக்க வேண்டியவர்களுக்குப் புரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். விளையாட்டுப் பீரியடில் பெண் பிள்ளைகளையும் மைதானத்தில் இறக்கி விடுங்கள்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது? பையன்கள் கபடி ஆடினார்கள், பெண் பிள்ளைகள் வழக்கம்போல வராந்தாவில் உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஆள் குறைந்தது. என் மகள் இறங்கிப் போய் நின்றாள், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பும்போது பிடிக்க வந்த பையன் விழுந்து அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டான். அவன் அம்மா எங்கள் தெருதான். சாயங்காலம் வந்து, "உன் மக நல்லா ஆடுறாளாமே, என் மகன் சொன்னான்" என்றார். புகார் என்று ஒன்று அந்த வீட்டிலிருந்து வரவே இல்லை.

மறுநாள் எனக்குப் போன் வந்தது. நான் பலகாரக் கடைக்கு வேலைக்குப் போகிறவள். மனகோலத்துக்கு மாவு பிசைந்து வைத்ததை அப்படியே பக்கத்தில் இருந்தவளிடம் விட்டுவிட்டு, அரைநாள் கூலி போனாலும் போகட்டும் என்று ஓடி வந்தேன். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். அப்புறம் ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த தாளை நீட்டினீர்கள். "என் மகள் இனிமேல் பெண் பிள்ளைக்கு உரிய அடக்கத்தோடு நடந்துகொள்வாள் என்று உறுதி கூறுகிறேன்." எட்டு வயதுப் பிள்ளைக்கு, அம்மா. அவள் வாசல் ஓரமாக நின்று, நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத முடிவு வரைக்கும் விளையாட்டுப் பீரியடில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்று சொல்லி அனுப்பினீர்கள். உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறாள்.

அவளைப் பற்றி உங்களைவிட எனக்குத் தெரியும், குறையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுமை கிடையாது. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். நடக்கப் பழகும் முன்னே திண்ணையில் ஏறினவள், ஊருணிப் படியில் நாலு படி ஒரே தாவாகத் தாவி என் உயிரை எடுத்தவள். அவள் அப்பா ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் கல் வார்க்கிற பட்டறையில் வேலை பார்க்கிறார். ஒரு நாள் அங்கே போனவள் ஈரம் காயாத கல்லில் உள்ளங்கையை அழுத்திவிட்டாள். அவர் திட்டிவிட்டு, அந்தக் கல்லை வீட்டுக்கு எடுத்து வந்தார். அடுப்படி வாசலில் பதித்திருக்கிறோம். சிறாவயல் மஞ்சுவிரட்டுக்கு அப்பா தோளில் உட்கார்ந்து போய், "எத்தனை வயசு ஆனா நான் இறங்கலாம்" என்று கேட்டு, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாள் முழுக்க அடுப்பில் நின்றுவிட்டு வந்த நேரத்தில் நானும் இவளிடம் கத்தியிருக்கிறேன், அடித்தும் இருக்கிறேன், அப்புறம் அவள் தூங்கின பிறகு உட்கார்ந்து அழுதும் இருக்கிறேன். லேசான பிள்ளை இல்லை. தப்புச் செய்தால் கண்டியுங்கள். வரிசையில் நிற்காவிட்டால் நிற்கச் சொல்லுங்கள், வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் எழுத வையுங்கள். அதற்கெல்லாம் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் ஓடினதற்கா?

பள்ளி வேன் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். இவள் கடைசிப் படியை மிதித்ததே இல்லை, பை ஒரு தோளில் தொங்க, மேல் படியிலிருந்து குதிப்பாள். குதித்ததும் அன்றைக்கு நடந்த கதையெல்லாம் வீடு வரைக்கும் கொட்டிக்கொண்டே வருவாள், நான் "உம்" கொட்டக்கூட இடம் இருக்காது. போன வாரத்திலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். பேச்சு இல்லை. வியாழக்கிழமை பாதி வழியில் நின்று, "அம்மா, நான் ரொம்பச் சத்தமாச் சிரிக்கிறேனா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு ஆச்சி, "பரவாயில்லையே, பிள்ளை திருந்திடுச்சே" என்கிறார். எனக்கு அடிவயிறு கலங்குகிறது. காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுக்கலாம், இதற்கு நான் என்ன கொடுப்பேன்?

உங்கள் ஆண்டு விழாவை நினைத்துப் பாருங்கள். இதே பிள்ளைக்குத்தான் வேலு நாச்சியார் வேஷம் கொடுத்தீர்கள். "குரல் கணீர்னு இருக்கு, இவதான் சரி" என்று வகுப்பு ஆசிரியை சொன்னார். நான் தங்கத்தாளில் கிரீடம் ஒட்டினேன், அவள் அப்பா பலகையில் வாள் அறுத்துக் கொடுத்தார். 1772ல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்து, எட்டு வருஷம் பொறுத்திருந்து, படை திரட்டி 1780ல் சிவகங்கையை மீட்ட ராணி. அந்த அம்மா சின்ன வயதில் சிலம்பமும் வளரியும் குதிரையேற்றமும் கற்றவர் என்பதை உங்கள் மேடையில் நின்றுதான் என் மகள் சொன்னாள், கூட்டம் கைதட்டியது. நம் ஜில்லாவின் ராணி. அவரைப் பற்றிப் பேச வைத்துவிட்டு, அவர் கற்றதில் கால் பங்கைக்கூடப் பிள்ளை செய்யக் கூடாது என்றால், அவளுக்கு நான் எதைச் சொல்லி விளக்குவது? உண்மையாகவே கேட்கிறேன், எனக்குப் பதில் தெரியவில்லை.

என் அம்மா திருமயம் பக்கம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம், ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதப் படிக்கக் கற்றதோடு சைக்கிளும் கற்றார்கள். என் அம்மாவும் கற்றது. கைக்குழந்தையான என்னை முன்னால் கட்டிக்கொண்டு, பின்னால் தண்ணீர்க் குடத்தை வைத்து ஓட்டியிருக்கிறது. தெருவில் கேலி பேசியவர்கள் இருந்தார்கள், அம்மா இறங்கவில்லை. ஆனால் எனக்குப் பத்து வயது ஆனதும் அதே அம்மாவை ஊர் வாயடைத்தது. நான் அடக்கமான பிள்ளையாகவே வளர்ந்தேன், பள்ளியில் நல்ல பிள்ளை என்று பெயரும் வாங்கினேன். வேலைக்குப் போன முதல் இடத்தில் ஆறு மாதம் கூலியைக் குறைத்துக் கொடுத்தார்கள், கேட்க வாய் வரவில்லை. போன வாரம் உங்கள் அறையிலும் வரவில்லை. நல்ல பிள்ளை என்று வாங்கின பெயர் இரண்டு இடத்திலும் எனக்கு உதவவில்லை. என் மகளுக்காவது வாய் இருக்கட்டும்.

எல்லா இடத்திலும் இதேதான் என்பதும் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனால் "போற இடத்துல என்ன பண்ணுவா" என்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை எந்த இடத்துக்குப் போகப்போகிறது? பையன் ஓடினால் சுறுசுறுப்பு, பெண் ஓடினால் வளர்ப்புச் சரியில்லை, அதுவும் அம்மாவின் வளர்ப்பு. அன்று என்னைத்தான் கூப்பிட்டீர்கள், அவள் அப்பாவைக் கூப்பிடவில்லை. சரி, ஊரைத் திருத்த நான் இந்த மடலை எழுதவில்லை. பள்ளி என்பது ஊரைவிட ஒரு படி மேலே இருக்கும் என்று நம்பித்தான் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்துக் கொண்டுவந்து சேர்த்தேன்.

அந்தப் பணத்தின் ரசீது கையில் இருக்கிறது. விளையாட்டுக் கட்டணம் என்று தனி வரி. பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. நோட்டுக்கு அட்டை போடுவதற்கா அதைக் கட்டினோம்? 5 முதல் 17 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு வேர்க்க ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் ஆண் என்றும் பெண் என்றும் பிரிக்கவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனதை வதைக்கவும் கூடாது என்கிறது. உங்களை மிரட்டுவதற்காகச் சட்டத்தை எழுதவில்லை. சுவரைப் பார்த்து உட்கார வைப்பது எதில் சேரும் என்று நீங்களே நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் சிரமமும் தெரியாமல் இல்லை. விளையாட்டு ஆசிரியர் ஒருவர்தான், இரண்டு பக்கமும் அவரே பார்க்க முடியாது. சீருடை பாவாடையாக இருப்பதால் யோசிக்கிறீர்கள் என்றும் ஒரு டீச்சர் சொன்னார். விளையாட்டு இருக்கும் செவ்வாயும் வெள்ளியும் பெண் பிள்ளைகள் டிராக் பேண்ட் போட்டு வரட்டும், துணி எடுத்துத் தைத்துக்கொள்வது எங்கள் பாடு. மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் தெருவில் மூன்று அம்மாக்கள் முறை வைத்து வரத் தயார், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மைதானம் போதாது என்றால் பாதி நேரம் பையன்களுக்கு, பாதி நேரம் பெண்களுக்கு என்றாவது விடுங்கள். அதுவே இப்போதைக்குப் பெரிசு.

கோபத்தில் ஒரு வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லவும் என் மகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள், அந்த மரியாதை என்றைக்கும் இருக்கும். அதனால்தான் வேறு பள்ளி பார்க்காமல் உங்களிடமே வந்து நிற்கிறேன். நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை, அவள் பார்க்க என் கையில் திருப்பிக் கொடுங்கள். வாங்கும்போது அவள் பார்த்தாள், கொடுக்கும்போதும் பார்க்கட்டும். மாத முடிவுக்குக் காத்திருக்காமல் தண்டனையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். விளையாட்டுப் பீரியடில் அவளையும், அவளோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மற்றப் பெண் பிள்ளைகளையும் மைதானத்தில் இறக்கி விடுங்கள்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியட் விளையாட்டு. அன்றைக்கு அவளுக்கு ஷூ போட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய்