மூன்று மணிக்கு வந்த வயிற்றுவலி

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் கிடைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாறுதலில் போனபின் அவசரப் பிரிவான கேஷுவாலிட்டியின் ஓட்டத்தை மனம் தேடுகிறது என்றும், இங்கு நடப்பவற்றை விரிவாக எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். தொடர்ந்து இரவுப் பணியாக இருந்ததால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பொறுத்துக்கொள்.

நாம் சேர்ந்து பணியாற்றிய காலத்தைப் போல் எல்லோரையும் ஒரே கூடத்தில் படுக்க வைப்பதில்லை. வாசலிலேயே நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு பார்த்து, ஆபத்தின் அளவுப்படி சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்து அனுப்பிவிடுகிறோம். சாலை விபத்துகளும் விஷம் குடித்தவர்களும் நெஞ்சுவலிக்காரர்களும் நீ அறிந்தபடியேதான் வந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்த ஐப்பசி மழையில் என் மனத்தை முழுதும் பிடித்துக்கொண்டிருப்பது பாம்புக்கடிதான்.

சென்ற வாரம் அதிகாலை மூன்று மணிக்குப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை வயிற்றுவலி என்று தூக்கி வந்தார்கள். வாந்தி ஒரு முறை, காய்ச்சல் இல்லை, வயிறு மிருதுவாக இருந்தது. மஞ்சள் பகுதியில் படுக்க வைத்து ஊசி போட்டால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அவன் தாயிடம் பேசிக்கொண்டே முகத்தைப் பார்த்தேன். இமைகள் பாதிக் கண்ணை மூடியிருந்தன. தூக்கக் கலக்கம் என்றார் அந்த அம்மாள். தலையை அசைக்காமல் என் விரலை மேலே பார்க்கச் சொன்னேன். கண் மேலே போயிற்று, இமை உயரவில்லை. எங்கே படுத்திருந்தான் என்று கேட்டேன். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தானாம். உடல் முழுதும் தேடியும் கடிவாய் தென்படவில்லை. கட்டுவிரியன் அப்படித்தான், வலியும் வீக்கமும் இல்லாமல் தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போய்விடும்.

மருத்துவரை அழைத்துச் சிவப்புப் பகுதிக்கு மாற்றினோம். கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தபோது நன்றாக உறைந்திருந்தது. விஷம் இல்லை என்று அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். இரத்தத்தை உறையவிடாமல் கெடுப்பது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷம், கட்டுவிரியனுடையது நரம்பைப் பிடிக்கும் விஷம் என்பதை அந்த நேரத்தில் அவருக்கு விளக்க எனக்கு மனம் வரவில்லை. மூச்சின் வலு குறைகிறதா என்று பார்க்கப் பையனை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். முதலில் 21 வரை எண்ணினான். கால் மணி நேரம் கழித்து 14. விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே 8. எட்டாவது எண்ணைச் சொல்லும்போது அவன் குரல் மூக்கால் வந்தது. உடனே தொண்டைவழி மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள்.

விஷமுறிவு மருந்துக் குப்பிகளை நான்தான் கரைத்தேன். குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் பத்துக் குப்பிகளையும் ஒவ்வொன்றாக உள்ளங்கைகளுக்கிடையே உருட்ட வேண்டும். அவசரத்தில் அந்தப் பொறுமைதான் கடினம். அப்போதெல்லாம் எனக்கு வடநெம்மேலி நினைவுக்கு வரும். மாணவிகளாகச் சுற்றுலா போனபோது, இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்தில் மண்பானையின் வாய்த்துணியை அவிழ்த்துப் பாம்பை எடுத்து விஷம் கறந்து காட்டினார்களே, நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாயே! 1978-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் கைகள் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் இந்த மருந்து பிறக்கிறது.

நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். பையன் முதலில் கேட்டது தண்ணீர். ஐந்தாம் நாள் வார்டுக்குப் போய் எண்ணச் சொன்னபோது 30-ஐத் தாண்டிவிட்டுச் சிரித்தான்.

இதை உனக்கு இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. அந்தப் பையன் முதலில் உன் நிலையத்தைப் போன்ற ஓரிடத்துக்குத்தான் போயிருந்தான். அங்கே வயிற்றுவலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் வீணாயிற்று. கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். கடிவாய் இல்லாத கடியை யார் எதிர்பார்ப்பார்? மழைக்காலத்தில் விடியற்காலை வயிற்றுவலியோடு வருகிறவர்களின் இமையை நீ ஒரு முறை பார்த்துவிடு. தரையில் படுத்திருந்தார்களா என்று கேள். இரத்தம் உறையும் சோதனைக்குப் புதிய கண்ணாடிக் குழாயையே வைத்துக்கொள். சோப்புப் போட்டுக் கழுவியதும் பிளாஸ்டிக்கும் தவறான விடை தரும். கடிபட்ட கை காலில் கயிறு இறுகக் கட்டி வந்தால், மருந்து தயாராகும் முன் சட்டென்று அவிழ்த்துவிடாதே. 2024 நவம்பர் முதல் பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால், பதிவேட்டையும் சரியாக எழுதி வை.

உன் நிலையத்தில் இப்போது எத்தனைக் குப்பிகள் இருப்பில் உள்ளன, இரவில் 108 வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு விடுப்புக் கிடைத்தால் நேரில் வருகிறேன்.

என்றும் அன்புடன்,
வசந்தா