பத்தாண்டு நிறைவில் ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

திண்டுக்கல்லில் 7 குடும்பங்கள் சேர்ந்து, ஒரு வீட்டின் முன்கூடத்தில் 11 பிள்ளைகளோடு தொடங்கிய எங்கள் மாண்டிசோரி பள்ளி வருகிற ஜூன் மாதத்தோடு 10 ஆண்டுகளை நிறைவு செய்கிறது. பெற்றோரே நிறுவிய பள்ளி என்று பலரும் எங்களைப் பாராட்டுகிறார்கள். ஆனால் அன்று எங்களிடம் ஆசை இருந்த அளவுக்குக் கைத்திறன் இருக்கவில்லை. அதைக் கொடுத்தவர்களுக்காகவே இந்த மடல்.

இந்தக் கல்விமுறைக்கும் எங்கள் பகுதிக்கும் பழைய உறவு உண்டு. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த, இக்கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதால் நாடு திரும்ப முடியாமல், கொடைக்கானலில் சுமார் இரண்டாண்டுகள் தங்கியிருந்தார். நாங்கள் தினமும் அண்ணாந்து பார்க்கும் மலையில் அவர் பிள்ளைகளோடு பழகி எழுதினார் என்று அறிந்தபோதுதான், இந்தப் பள்ளியை இங்கேயே நடத்த முடியும் என்ற துணிவு எங்களுக்கு வந்தது.

முதல் நன்றி எங்கள் தச்சருக்கு. கல்வி உபகரணங்களை வெளியிலிருந்து வாங்கப் பணமில்லாமல் அவரிடம் போனோம். இளஞ்சிவப்புக் கோபுரம் என்பது 10 கனசதுரங்கள். மிகச் சிறியதன் பக்கம் 1 செ.மீ., மிகப் பெரியதன் பக்கம் 10 செ.மீ. ஒரு மூலையை ஒட்டி அடுக்கினால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் அந்தச் சிறு கட்டை சரியாகப் பொருந்த வேண்டும். தவறு நேர்ந்தால் ஆசிரியர் சொல்லாமலே பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இதைக் கேட்ட தச்சர், தாம் செய்த முதல் கோபுரத்தில் ஒரு படியில் மட்டும் கட்டை மயிரிழை துருத்துவதைக் கண்டு, நாங்கள் போதும் என்று சொன்ன பிறகும், அத்தனையையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்து கொடுத்தார். அடிக்கடி தொலைந்துபோகும் அந்தச் சிறு கட்டைகளை ஆண்டுதோறும் ஒரு தீப்பெட்டி நிறைய அனுப்பிவைப்பவரும் அவரே.

உப்புத்தாள் எழுத்துகளைத் தமிழ் ஐயா ஒருவர் உருவாக்கித் தந்தார். கணினி எழுத்தை அப்படியே வெட்டி ஒட்ட நினைத்த எங்களைத் தடுத்து, பிள்ளையின் விரல் தடவுவது கை எழுதும் வடிவமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தி, 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமுமாக 31 அட்டைகளுக்கும் தம் கையாலேயே வரைந்தார். மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் எங்கள் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் பிரித்தறிகிறார்கள் என்றால் அது அவர் தந்த செல்வம்.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் பூட்டும் சாவியும் இல்லாத வகுப்பறை எதற்கு என்று கேட்டு, வெவ்வேறு அளவில் 6 பூட்டுகளைத் தந்த பட்டறைக்காரருக்கும் எங்கள் வணக்கம்.

இரண்டாம் ஆண்டின் நடுவில், நாங்கள் இருந்த இடத்தை 20 நாட்களில் காலிசெய்ய நேர்ந்தது. அப்போது தம் வெங்காயக் கிடங்கை, முன்பணம் வாங்காமல், திறந்துவிட்ட மண்டி உரிமையாளரை மறக்கமாட்டோம். சுவருக்கு மூன்று முறை வெள்ளையடித்தவர்கள் அங்கே சுமை தூக்கும் தொழிலாளர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூலியை அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள்.

எங்களுள் ஒரு தாய் சென்னைக்குச் சென்று ஓராண்டு பயிற்சி பெற்றதால்தான் எங்களுக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். அந்த ஓராண்டும் பேரப்பிள்ளையைத் தனியாகப் பார்த்துக்கொண்ட அவருடைய மாமியாரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அம்மா, இந்தப் பள்ளி உங்களுக்கும் கடன்பட்டிருக்கிறது.

காலை 9 மணி முதல் 12 மணி வரை பிள்ளைகள் தம் வேலையில் மூழ்கியிருப்பார்கள். வகுப்பறைச் சுவரோரம் பார்வையாளருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். நீங்கள் ஒவ்வொருவரும் ஒருநாள் வந்து அதில் அமர்ந்து, நீங்கள் செய்து கொடுத்தவை எந்தக் கைகளில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும் என அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
பள்ளியைத் தொடங்கிய பெற்றோர் சார்பில்
ஒரு தாய்