எங்கள் மகளைத் தாங்கி நிற்கும் அனைவருக்கும் நன்றி மடல்

வண்டிப்பெரியாறு

மதிப்பிற்குரிய மருத்துவர்கள், செவிலியர்கள், அங்கன்வாடி டீச்சர், எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

ஆறாத வாய்ப்புண், ஈறு வீக்கம், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், உப்பிய வயிறு, வயதுக்கேற்ற வளர்த்தியின்மை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வைத்தியம் பார்த்து ஓய்ந்திருந்த வேளையில், விடியற்காலை வெறும் வயிற்றில்தான் மகள் வியர்த்துத் துவண்டுபோகிறாள் என்பதைக் கவனித்து, தம் நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டியவர் எங்கள் ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா. அந்தக் குறிப்புதான், 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் சிறப்பு மையமாக இயங்கும் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கு எங்களைக் கொண்டுசேர்த்தது.

கிளைக்கோஜன் சேமிப்பு நோய், 1பி வகை என்றார்கள். கிளைக்கோஜனாகக் கல்லீரலில் சேர்ந்த சர்க்கரையை ரத்தத்துக்கு விடுவிக்கும் வழி இப்பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அடைபட்டிருக்கிறது. அதே பழுதால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் குறைந்து, இருப்பவையும் வலுவிழக்க, சாதாரணக் கிருமிகூட ஆபத்தாகிவிடுகிறது. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடுவதும், பாலையும் பழத்தையும் ஒதுக்க வேண்டியிருப்பதும் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கின்றன. இத்தனையையும் படுக்கையோரம் அமர்ந்து, நான் திரும்பத் திரும்பக் கேட்டபோதும் முகம் சுளிக்காமல் விளக்கிய செங்கோட்டைச் செவிலியச் சகோதரிக்கு என் கைகூப்பு.

பச்சை மக்காச்சோள மாவை (கார்ன் ஸ்டார்ச்) காய்ச்சாமல், ஆறிய நீரில் கலக்கி, சில மணி நேரத்துக்கொருமுறை நடுச்சாமத்திலும் கொடுக்க வேண்டும். காய்ச்சினால், அதிலிருந்து சர்க்கரை மெல்ல மெல்ல ரத்தத்தில் சேரும் தன்மை போய்விடும். 1984இல் அறிமுகமான இந்த எளிய வைத்தியத்தில்தான் மகளின் உயிர் நிற்கிறது. நான் கொழுந்து பறிக்கும் நேரத்தில், மாவைச் சிறு தராசில் கிராம் கணக்கில் நிறுத்துக் கலக்கி, டம்ளரின் அடியில் தங்கியதையும் கரண்டியால் கிளறி முழுதும் குடிக்கவைக்கும் அங்கன்வாடி டீச்சருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

சர்க்கரை குறையும் பிள்ளைக்குச் சர்க்கரை நோய் மாத்திரையா என்று எம்பாக்ளிஃப்ளோசினைக் கண்டு நாங்கள் அஞ்சியபோது, வெள்ளணுக்களைக் கெடுக்கும் பொருளை அது சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது, 2020 முதல் இந்நோய்க்குத் தரப்படுகிறது என்று மருத்துவர் பொறுமையாகத் தெளிவுபடுத்தினார். மகளுக்கு வாய்ப்புண் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. கால்சியமும் வைட்டமின் டி-யும் தொடர்கின்றன.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் மரபணுப் பழுது இது என்று தெரிவதற்கு முன்பும்கூட என்னை ஒரு சொல் சொல்லாத என் மாமியாரை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. காய்ச்சல் என்றால் காத்திருக்கக் கூடாது என்பதறிந்து, அடைமழையிலும் ஜீப்பை எடுத்த டிரைவர் அண்ணனுக்கும், சளி பிடித்தால் தாமாகவே வாசலோடு நின்று நலம் விசாரிக்கும் லயத்து உறவுகளுக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

இதே அறிகுறிகள் உள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ரத்தச் சர்க்கரை, லாக்டேட் (லாக்டிக் அமில அளவு), நியூட்ரோஃபில் எண்ணிக்கை மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஆஷா அக்காவிடம் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன்.

நன்றியுடன்,
பிள்ளையின் தாய்