சஃபாரி போறவங்களுக்கு பெட்டியைப் பத்தி முதல்லயே சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல, கென்யால இருக்குற மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். படமெல்லாம் அருமை. ஆனா என்ன எடுத்துட்டுப் போகணும்ங்கிற இடத்துல தொப்பி, கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன், மெல்லிசான காட்டன் துணின்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க, அதைப் பார்த்ததும் மனசு கேக்கல, அதான் எழுதுறேன். போன வருஷம் ஆகஸ்ட்ல நானும் வீட்டுக்காரரும் என் நாத்தனாரும் கென்யா, தான்சானியா போய்ட்டு வந்தோம். இதே மாதிரி ஒரு லிஸ்ட்டை நம்பித்தான் நாங்களும் பெட்டி கட்டினோம்.

முதல் விஷயம் அந்தப் பெட்டிதான். டூர் ஏற்பாடு பண்ணினவர் ஃப்ளைட்ல ஆளுக்கு 30 கிலோ இருக்கு, தாராளமா எடுத்துக்கோங்கன்னு சொன்னார், நாங்களும் ஆளுக்கு ஒரு பெரிய டிராலி ரொப்பிட்டோம். நைரோபி வரைக்கும் அது சரி. அங்க இருந்து மாராவுக்கு, அதே ஊர்ல இருக்குற வில்சன்ங்கிற இன்னொரு ஏர்போர்ட்ல இருந்து சின்ன செஸ்னா விமானத்துல போகணும், அதுல ஆளுக்கு 15 கிலோதான், தோள்பை கேமரா எல்லாம் சேர்த்தே 15, அதுவும் சக்கரம் வச்ச கெட்டிப் பெட்டி ஆகாது, அமுக்கினா அமுங்குற துணி பேக்தான் அந்த விமானத்தோட வயித்துக்குள்ள நுழையும். இதை எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லல. காலங்காத்தால அந்த கவுன்ட்டர் முன்னாடி தரையில மூணு டிராலியையும் திறந்து போட்டு உக்கார்ந்தோம், எங்களைக் கூட்டிட்டு வந்த டிரைவர் ஓடிப்போய் மூணு துணி பேக் வாங்கிட்டு வந்தார், விமானத்துக்கு நேரமாகுதுன்னு கண்ணுல பட்டதை எடுத்து அதுல திணிச்சோம், மிச்சத்தை ஹோட்டல்லயே போட்டு வைக்கச் சொல்லி அவர்கிட்டயே கொடுத்தனுப்பினோம். அந்த அவசரத்துல முதல்ல வெளிய எடுத்து வச்சது என்ன தெரியுமா, ஸ்வெட்டர். ஆப்பிரிக்கால எதுக்கு ஸ்வெட்டர்னு தோணுச்சு.

அதுதான் நாங்க பண்ணின பெரிய தப்பு. மாரா பூமத்திய ரேகைக்குப் பக்கத்துலதான் இருக்கு, ஆனா 1,500 மீட்டருக்கு மேல இருக்குற மேட்டு நிலம், ஜூலை ஆகஸ்ட் அங்க குளிர் மாசம். விடியக்காலைல ஆறு மணிக்கு ஜீப்போட கூரையைத் தூக்கிவிட்டு ஓட்டுவாங்க, நம்ம கொடைக்கானல்ல மார்கழி காலைல பைக்ல போற மாதிரி காத்து மூஞ்சில அடிக்கும். என் நாத்தனாருக்கு 67 வயசு. ரெண்டு துப்பட்டாவை ஒண்ணு மேல ஒண்ணு சுத்திக்கிட்டு உக்கார்ந்திருந்தாங்க, சிங்கம் ஒண்ணு ஜீப்புக்கு இருபதடி தூரத்துல குட்டிகளோட படுத்திருக்கு, இவங்களால பைனாகுலரைப் பிடிக்க முடியல, விரல் மடங்கவே இல்ல, "கை மரத்துப்போச்சும்மா"ன்னு என்னைப் பார்த்தாங்க. ஜீப் டிரைவர் வண்டியை நிறுத்திட்டு தன்னோட ஷூகாவை, அந்த சிவப்புக் கட்டம் போட்ட மாசாய் போர்வையை, எடுத்து அவங்க தோள்ல போர்த்திவிட்டார். அந்த மனுஷன் முகம் எனக்கு இன்னும் மறக்கல. தான்சானியால நாங்க போன கோரோங்கோரோங்கிற பழைய எரிமலைப் பள்ளத்தோட விளிம்பு சுமார் 2,300 மீட்டர், அது ஊட்டியை விட உசரம். பத்து மணிக்கு மேல வெயில் ஏறிடும், அதனால ஒரே தடிமனான கோட்டை விட, டீ ஷர்ட், முழுக்கை சட்டை, ஸ்வெட்டர், காத்து புகாத ஜாக்கெட்னு ஒவ்வொண்ணா கழட்டுற மாதிரி போடுறதுதான் சரி. ஜாக்கெட்டையும் ஷூவையும் உடம்புலயே போட்டுக்கிட்டு விமானம் ஏறிட்டா பேக்ல எடையும் மிச்சம். நிறைய கேம்ப்ல துணி துவைச்சுக் கொடுத்துடுறாங்க, மூணு செட் தாராளம். பெண்களுக்கு சேலை வேண்டாம், ஜீப் படி ரொம்ப உசரம்.

கலர் விஷயத்தையும் கட்டுரையில சொல்லல. தான்சானியால தாராங்கிரே பூங்கால ஆளைக் கடிக்கிற செட்சி ஈ இருக்கு, அதுக்கு நீலமும் கறுப்பும்னா ரொம்ப இழுக்கும், அதைப் பிடிக்கிறதுக்கே நீலமும் கறுப்புமா துணியை மரத்துல கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. வீட்டுக்காரர் அன்னைக்கு நீல ஜீன்ஸ். தொடையில வந்து உக்கார்ந்துச்சு, தட்டினாலும் போகல, ஜீன்ஸையும் தாண்டி கடிச்சிருச்சு. காக்கி, வெளிர் பழுப்பு, மங்கலான பச்சை இதான் நல்லது. அதுக்காக மிலிட்டரிக்காரங்க போடுற மாதிரி திட்டுத்திட்டான டிசைன் துணி எடுத்துட்டுப் போயிடாதீங்க, ஜிம்பாப்வே, ஜாம்பியா மாதிரி நாடுகள்ல பொதுமக்கள் அதைப் போடுறதுக்கு தடை இருக்கு. எங்க டூர்காரர் எங்களுக்கு இலவசமா கொடுத்த தொப்பியே அந்த டிசைன்தான்.

அப்புறம் நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் செய்யுற ஒரு விஷயம், செருப்பு ஒரு கவர், அழுக்குத்துணி ஒரு கவர்னு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வைக்கிறது. கென்யால 2017 ஆகஸ்ட்ல இருந்தும் தான்சானியால 2019 ஜூன்ல இருந்தும் பிளாஸ்டிக் பைக்கு தடை, கென்யா சட்டத்துல அபராதம் 40 லட்சம் ஷில்லிங் வரைக்கும் இருக்கு, ஜெயிலும் உண்டு. பேசாம நாலு மஞ்சப்பை எடுத்துக்கோங்க.

பெட்டி கட்டுறதுக்கு முன்னாடியே ஆக வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. போட்டு பத்து நாள் ஆனாத்தான் அந்த சர்டிபிகேட் செல்லும், அது இல்லாம கென்யால இருந்து திரும்பினா இந்தியாலயே ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சிடலாம். வயசானவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டுக்கணும், மலேரியா மாத்திரையும் அப்பவே கேட்டு வாங்கிடுங்க. கென்யால இருந்து தான்சானியாவுக்குள்ள போற நமங்கா எல்லையைத் தாண்டும்போது பாஸ்போர்ட்டோட அந்த சர்டிபிகேட் இருக்குற மஞ்சள் புக்கையும் கேட்டாங்க, அதனால அது கைப்பையிலயே இருக்கட்டும்.

பைனாகுலர் ஆளுக்கு ஒண்ணு, இதுல மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க. மரக்கிளையில சிறுத்தை படுத்திருந்தா வெறும் கண்ணுக்கு ஒரு வால் தொங்குறது மட்டும்தான் தெரியும், ஒருத்தர் பார்த்துட்டு இன்னொருத்தர் கைக்கு மாத்துறதுக்குள்ள அது இறங்கிப் போயிடும். 8x42 அளவு, அதாவது எட்டு மடங்கு பெருசாக் காட்டுற, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் இருக்குறது போதும், கைநடுக்கம் அவ்வளவா தெரியாது.

ரைஸ் குக்கர், கெட்டில் எல்லாம் தூக்கிட்டுப் போகாதீங்க. கூடாரத்துல பெரும்பாலும் சோலார் கரன்ட், அது தாங்காது. முறுக்கு, தட்டையை கூடாரத்துக்குள்ள வச்சா குரங்கும், பபூன்ங்கிற பெரிய ஜாதிக் குரங்கும் வந்து ஜிப்பையே கிழிச்சிடும்னு கேம்ப்ல சொன்னாங்க. ஒரு சின்ன டப்பா பருப்புப்பொடி போதும், சைவ சாப்பாடு நல்லாவே செஞ்சு தர்றாங்க.

உங்க பேப்பர்ல வாரா வாரம் ஆப்பிரிக்கா டூர் விளம்பரம் வருது, லட்சக்கணக்குல பணம் கட்டி, வாழ்க்கையில ஒரு தடவைன்னு நினைச்சு ரிட்டயர்மென்ட் காசுல போறவங்கதான் அதுல நிறைய. பணம் வாங்கும்போதே பெட்டியோட எடை, குளிர், தடுப்பூசி மூணையும் தமிழ்ல எழுதிக் கொடுக்கணும்னு அந்த டூர்காரங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை கேளுங்க. நாத்தனார் பொண்ணு இந்த ஜூலைல மாரா போறா. வில்சன்ல வாங்கின அந்த துணி பேக்கையும் என் ஸ்வெட்டரையும் அவகிட்ட கொடுத்தாச்சு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
ஸ்ரீரங்கம்